சீட்டு கிடைச்சிருச்சு... தங்குறது எங்கே?



ராஜபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, விடியும்போது எழும்பூரில் இறங்குகிற பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். காலேஜ் சீட்டைவிட தங்க இடம் பிடிக்கிறதுதான் பெரும்பாடு என்பான். இன்றைக்குத் தடுப்பது வாடகை. நூறு வருஷத்துக்கு முன்னால் தடுத்தது சாதி.

அன்றைய சென்னையில் பட்டப்படிப்புக்கு வந்த பார்ப்பனரல்லாத மாணவனுக்குத் திருவல்லிக்கேணி பக்கம் ஒரு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. சாப்பாட்டு விடுதிகளிலும் சாதி பார்த்தார்கள். கையில் காசு இருந்தாலும் முன்னால் இலை விழாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினால் கேட்க நாதி உண்டா?

டாக்டர் சி. நடேசனார் கேட்டார். கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, அத்தோடு வீட்டுக்குப் போய்விடவில்லை அந்த மனுஷன். திருவல்லிக்கேணியிலேயே 'திராவிடர் இல்லம்' என்று மாணவர் விடுதி தொடங்கினார். 1916 நவம்பரில் நீதிக்கட்சி பிறந்தது இதற்குப் பிறகுதான்! கட்சிக்கு முந்தியே விடுதி வந்துவிட்டது. இதை நம் மேடைகளில் எத்தனை பேர் சொல்கிறோம்? சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் அந்த இல்லத்தில் தங்கிப் படித்தவர். தி.நகரில் நடேசன் பூங்காவில் வாக்கிங் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் யாருடையது என்றாவது தெரிய வேண்டாமா?

ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கோ எல்லாக் கதவும் இன்னும் இறுக்கம். அதே 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியவர் சுவாமி சகஜானந்தர். எம்.சி.ராஜா பெயரில் சைதாப்பேட்டையில் இருக்கும் கல்லூரி விடுதிக்கு 2025-ல் புது அடுக்குமாடிக் கட்டடம் வந்தது. அதே வருஷம் அரசு நலத்துறை விடுதிகள் எல்லாம் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் பெற்றன. நல்ல பெயர்தான், வரவேற்போம்.

ஆனால் பெயர் மட்டும் பசியாற்றாது. கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுப்படி 2023-ல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து! நம்ம பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ஒரு வேளைக்கே பத்தாதே. விலைவாசி ஏறும்போதெல்லாம் இந்தப் படியும் தானாக ஏற வேண்டும். பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்து கேட்கிறவரைக்கும் எதற்குக் காத்திருப்பது?

அதனால் தோழர்களே, உங்கள் வார்டில் இந்த வருஷம் காலேஜ் சேருகிற பிள்ளை இருந்தால் விடுதி விண்ணப்பத்தையும் கையோடு போடச் சொல்லுங்கள். சான்றிதழ் வாங்க அலையணும்னா கூடவே போங்கள். பக்கத்தில் இருக்கிற விடுதியில் தண்ணி வருதா, கழிப்பறைக்குக் கதவு இருக்கா, தட்டில் என்ன விழுது என்று கேட்டு, நம்ம ஒன்றியச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.