பெயர் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள்

"ஹீரோவெல்லாம் எனக்கு முக்கியமில்ல. ஓரமா ஈட்டி பிடிச்சிட்டு நிக்கறான் பாரு, அவன்தான் என் ஆளு." ஃபேன்டஸி வாசிக்கிற நண்பர்கள் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். ராஜாக்களின் கதையை மறுத்துவிட்டு எளியவன் பக்கம் நின்றுவிட்ட பெருமை. நானும் பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இப்போது அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. குட்டிச் சிப்பாய் மேல் நமக்கு வருகிற பாசம், போரை நிம்மதியாக வேடிக்கை பார்க்க நாமே எடுத்துக்கொள்கிற அனுமதிச் சீட்டு.

நான் யோசிப்பது 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' பற்றி. அமெரிக்கரான ரிச் பர்லூ 2003-இல் இணையத்தில் தொடங்கிய காமிக்ஸ். குச்சி மனிதர்கள், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிகளை வைத்தே ஜோக். அப்படி ஆரம்பித்தது மெல்ல மெல்ல ஒரு பெரிய போர்க்கதையாக மாறியது. அஸூர் நகரத்தை ஹாப்காப்ளின் படை முற்றுகையிட்டுப் பிடிக்கிற பகுதி 'வார் அண்ட் எக்ஸ்பீஸ்' என்ற புத்தகமாக வந்தது. பின்னால் அது அச்சில் இல்லாமல் போனபோது, மறுபதிப்புக்காக 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் பர்லூ கேட்டது 57,750 டாலர். வாசகர்கள் கொடுத்தது 12 லட்சம் டாலருக்கு மேல். பாசத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் இதோ.

அந்த முற்றுகையில் கஸுமி, டைகோ என்று இரண்டு சாதாரணச் சிப்பாய்கள் வருவார்கள். சுற்றியிருப்பவர்கள் செத்து விழுந்துகொண்டிருக்கும்போது இருவருக்கும் ஒன்று புரிகிறது: நமக்குப் பெயர் இருக்கிறது, பெயர் உள்ளவன் அவ்வளவு சுலபத்தில் சாக மாட்டான். டைகோ இன்னும் கெட்டிக்காரன். குடும்பப் பெயரை மட்டும் வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறான், அடுத்த ஆபத்துக்கு ஆகும் என்று. ரெண்டு பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள். பின்னால் கல்யாணம், குழந்தை எல்லாம் வருகிறது.

நாம் சிரித்தோம், பிறகு அவர்களைத் தத்தெடுத்துக்கொண்டோம். பர்லூ நம்மைப் பார்த்து அடித்த கிண்டலை, நமக்குக் கிடைத்த முத்தம் என்று எடுத்துக்கொண்டோம். அந்த ஜோக்கை நேராகப் படித்தால் என்ன சொல்கிறது? இந்தக் கதையில் உயிருக்கு மதிப்பு வருவது வாசகன் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகுதான். பெயர் தெரியாத மற்றவர்கள் அதே கட்டங்களில், அதே நீல உடையில், நம் கண் முன்னால்தான் செத்தார்கள். அவர்களுக்காக நமக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழியைப் பர்லூ மேல் போட முடியாது. இந்த வகைமையின் கருவிலேயே இது இருக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தது. அதற்கு அடித்தளமாக இருந்தது 'செயின்மெயில்' என்ற 1971-ஆம் வருஷத்துப் போர் விளையாட்டு. அதன் பெரும்படைப் போர் விதிகளில் மேஜை மேல் நிற்கிற ஒரு பொம்மைக்கு இருபது வீரர்கள் என்று கணக்கு. பிறகு ஒரு பொம்மைக்கு ஒரே ஆள் என்றாகி, அந்த ஆளுக்குப் பெயரும் வரலாறும் வந்தன. மிச்சம் பத்தொன்பது பேர் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இந்த உலகில் மரணமே ஒரு செலவுக் கணக்குதான். காமிக்ஸ் பின்பற்றுகிற மூன்றரைப் பதிப்பு விதிகளில், ஒருவனை உயிர்ப்பிக்கிற எளிய மந்திரத்துக்கே 5,000 பொற்காசு பெறுமானமுள்ள வைரம் வேண்டும். ஹீரோ ராய் இந்தப் போரில் சாகிறான், பின்னால் திரும்பி வருகிறான். மதிலில் செத்தவனுக்கு வைரம் தேட யாரும் கிளம்பவில்லை.

நோய் இதைவிடப் பழையது. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யில் அஜின்கோர்ட் போர் முடிந்ததும் அரசன் தன் பக்கத்து இறந்தோர் பட்டியலை வாசிப்பான். நான்கு பெயர்கள் வரும். பெயர் சொல்லும்படி வேறு யாரும் இல்லை என்பான். மற்றவர்கள் இருபத்தைந்து பேர், வெறும் எண்ணிக்கை. நானூறு வருஷமாக நாம் அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு, ஏதோ புரட்சி பண்ணிவிட்ட மாதிரி நிற்கிறோம். இருபத்தைந்து இருபத்துநாலு ஆனதுதான் மிச்சம்.

இதே காமிக்ஸில் இன்னொரு காட்சி இருக்கிறது. ஹாப்காப்ளின் படையை நடத்துகிற ரெட்கிளோக் ஒரு காப்ளின். ஹாப்காப்ளின்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது, அவர்களை எறிகல் மாதிரி செலவழிப்பான். அந்த முற்றுகையில் ஒரு ஹாப்காப்ளின் சிப்பாய் அவனை ஆபத்திலிருந்து தள்ளிவிட்டுத் தான் செத்துப்போகிறான். ரெட்கிளோக் உறைந்து போகிறான். மனிதர்கள் தன் இனத்தை என்ன செய்தார்களோ அதையே தான் இவர்களுக்குச் செய்துகொண்டிருந்தது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அங்கிருந்து அவன் ஆளே மாறுகிறான். கதையின் போக்கையே திருப்பிய அந்தச் சிப்பாயின் பெயர் என்ன? பெயர் இல்லை. ஜிரிக்ஸ் என்று பெயர் வாங்கிய இன்னொரு ஹாப்காப்ளின் பின்னால் செத்தபோது ரெட்கிளோக் அவனை உயிர்ப்பித்தான், அவன் ஆட்சிப் பொறுப்புக்கும் வந்தான். தள்ளிவிட்டவன் மண்ணோடு போனான்.

இதற்கு ஒரு பதில் வரும், நியாயமான பதில்தான். "மனசுங்கிறது சின்னது. ஆயிரம் பேருக்கு அழ முடியாது, ஒருத்தனுக்குத்தான் முடியும். அந்த ஒருத்தன் வழியாத்தானே மத்தவங்ககிட்டப் போகணும்?" சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் போகிறோமா? கஸுமி பிழைத்த கட்டத்தில் நமக்கு மூச்சு திரும்பி வந்தது. அந்த மூச்சோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம். வழி என்றால் அது எங்காவது கொண்டுபோய் விடவேண்டும். நாம் வாசலிலேயே உட்கார்ந்து டைகோவுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தோம்.

நாளைக்குக் காலையில் செய்தியில் ஒரு போர் வரும். ஒரு முகம், ஒரு பெயர், ஒரு குழந்தையின் புகைப்படம் காட்டுவார்கள். அழுவோம். அதே செய்தியின் கீழே ஒரு எண் இருக்கும், அதை விரலால் தள்ளிவிட்டுப் போவோம். இந்தப் பழக்கத்தைக் கதைகளில்தான் பயின்றோம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கதைகளில் அதைக் கைவிடப் பழகலாம் என்று மட்டும் நம்புகிறேன்.

டைகோவைப் பிடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, எனக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் அந்த முற்றுகையை மறுபடி படிக்கிறவர்கள் ரெட்கிளோக்கின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அவன் குனிந்து பார்க்கிற ஆளைப் பாருங்கள். அவனுக்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். பெயர் இல்லாமலே கொஞ்ச நேரம் அவனோடு இருக்க முடிகிறதா என்று பாருங்கள்.