பால்மாப் பெட்டியும் நெத்தலி முள்ளும்

2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பால்மாவுக்காக மக்கள் கடை வாசல்களில் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2022 இல் பால்மா சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டாத பொருளாயிற்று. "பிள்ளையின் எலும்பு என்னாவது?" என்பதே அந்நாட்களில் பெற்றோரின் கவலை. நியூசிலாந்திலிருந்து கப்பல் வராவிட்டால் நமது பிள்ளைகளின் எலும்பு வளராது என்ற எண்ணத்தை விதைத்தது யார்? தொலைக்காட்சி விளம்பரங்களுக்கே இதில் பெரும்பங்கு என்பேன்.

பாலைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கல்சியம் உண்டு. உடலில் எளிதில் சேரக்கூடியது. ஆனால் ஒன்பது முதல் பதினெட்டு வயதுவரை நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் தேவை என அமெரிக்க நிபுணர்கள் வகுத்துள்ளனர். பாலை மட்டும் நம்பினால் ஐந்து தம்ளருக்கு மேல் வேண்டும். எந்தப் பிள்ளை குடிக்கும்? எந்தத் தகப்பனால் வாங்கிக் கொடுக்க முடியும்?

நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. எள்ளிலும் முருங்கை இலையிலும் உண்டு. நெத்தலியிலும் சூடையிலும் அது பெரும்பாலும் முள்ளிலேயே இருக்கிறது. அந்த முள்ளை உருவி எறிந்துவிட்டுச் சதையை மட்டும் ஊட்டும் தாய்மாரை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன்! கருவாடாயின் உப்பை நன்கு கழுவிவிட வேண்டும். உப்பு மிகுந்தால் கல்சியம் சிறுநீரோடு வெளியேறும். கீரையெல்லாம் ஒன்றென எண்ணுவதும் தவறு. பசளியிலுள்ள கல்சியத்தை ஒட்சலேற்று பிடித்து வைத்துக்கொள்வதால் சிறுபங்கே உடலுக்குக் கிடைக்கும்.

உண்ட கல்சியம் குடலில் உறிஞ்சப்பட விற்றமின் டி வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில், ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகளைத் தனியார் வகுப்புகளின் கூரைக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். ஓடிக் குதித்தால்தான் எலும்பு அடர்த்தி பெறும். அதில் ஏறத்தாழ 90 வீதம் இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது.  அந்த வயது திரும்பாது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் சிக்கல் வேறு. குளிர்கால வெயில் அங்கு போதாது. கருநிறத் தோலுக்கு இன்னும் போதாது. கனடாவில் பாலில் விற்றமின் டி சேர்ப்பது சட்டம். பிரித்தானியாவில் அவ்வாறில்லை, ஒன்று முதல் நான்கு வயதுவரை நாள்தோறும் 10 மைக்ரோகிராம் கொடுக்குமாறு சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. ஊரிலிருந்து குரக்கன் மாவும் கருவாடும் பொதிசெய்து அனுப்பும் அம்மம்மாமார், தொலைபேசியில் இதையும் ஒருமுறை விசாரிக்கலாம்.