கமிஷன் வந்தது, கடன் கணக்கு கிழிந்ததா?



ஏகாம்பரநாதர் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்போர் ஆயிரம் பேர். அதே காஞ்சியில் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியைக் குனிந்து பார்ப்போர் எத்தனை பேர்?

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். நெசவாளி உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள ஒரு துணையாள் வேண்டும். வளர்ந்த ஆளுக்குக் கொடுக்கக் கூலி கட்டாது. ஆகவே அந்த இடத்தில் குழந்தை உட்கார்ந்தது. தகப்பன் வாங்கிய முன்பணம் அதன் காலுக்கு விலங்கானது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட இந்தியக் குழந்தைகளைப் பற்றி 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சியின் பெயரும் இருந்தது. பிறகு கொடுமை குறைந்தது உண்மை. ஆனால் அதைப் பெற்ற கூலியும் கடனும் ஒழிந்தனவா?

பெற்றோரின் அறியாமையே காரணம் என்று கனவான்கள் உபதேசிக்கிறார்கள். பசிக்கு அறியாமை என்றா பெயர்?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. குழந்தையின் உழைப்பை அடகு வைப்பதற்கு எதிராக 1933லேயே சட்டம் வந்தது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். குழந்தை நலனைக் கவனிக்க 1985இல் டில்லியில் தனி இலாகா, 2006இல் தனி அமைச்சகம், 2007இல் தேசியக் கமிஷன். கமிஷன் விசாரிக்கலாம், சிபாரிசு செய்யலாம். தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை!

ஊரில் நடப்பதென்ன? பள்ளிக்கு ஓர் இலாகா, அங்கன்வாடிக்கு ஓர் இலாகா, தொழிலாளர் சோதனைக்கு ஓர் இலாகா, கொத்தடிமை மீட்புக்கு ரெவின்யூ, தறிக்குக் கைத்தறி இலாகா. ஐந்து ஃபைல்களுக்கு நடுவே ஒரு பிள்ளை காணாமல் போகிறது. போதாதென்று, பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை "உதவலாம்" என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தறி வீட்டுக்குள்ளே, பாவும் ஜரிகையும் முதலாளியுடையவை. இங்கே எது உதவி, எது உழைப்பு? யார் வந்து அளப்பது?

அலுவலகமே வேண்டாம் என்கிறோமா? இல்லை. ஐந்து இலாகாவையும் ஒரே மேஜைக்கு இழுக்கும் அலுவலகம் வேண்டும். ஆனால் அது முன்பணக் கணக்கைக் கிழிக்கட்டும், முதலாளியைக் கோர்ட்டில் நிறுத்தட்டும், துணையாளின் கூலியையும் சேர்த்து நெசவுக் கூலியை நிர்ணயிக்கட்டும். நெசவாளர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கு அதில் இடம் வேண்டும்.

ஆலைத் தோழனே, வயற்காட்டுத் தோழனே! உன் கூலி குறைந்தால் உன் பிள்ளையும் வேலைக்குத்தான் போகும். காஞ்சி நெசவாளியின் கோரிக்கை உன் கோரிக்கை.

பெயர்ப்பலகை போதாது. அதிகாரம் வேண்டும், கூலி வேண்டும். ஒன்றுபட்டுக் கேட்போம், போராடிப் பெறுவோம்!