"குரங்கணி ஞாபகமில்லையா?" என்று தடுக்காதீர்கள்

பெண்பிள்ளை மலையேற்றம் போகணும் என்று கேட்டால், நம் வீடுகளில் வரும் முதல் பதில், "குரங்கணி ஞாபகமில்லையா?" என்பதுதான். குரங்கணியைச் சொல்லி வாயை அடைப்பதைவிட, அங்கே என்ன நடந்தது என்று உட்கார வைத்துச் சொல்வதே மேல் என்பது என் கட்சி.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிக்கு மேலே, கொழுக்குமலைப் பக்கம் போய் இறங்கிக் கொண்டிருந்த குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெண்கள் நிறைய. மலைச்சரிவில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும் மாதம் அது. அனுமதி வாங்கிய வழி ஒன்று, போன வழி வேறு என்று அப்போது சொன்னார்கள். இறந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பணம் கட்டி, கூட்டிப் போனவரை நம்பி, பின்னால் நடந்த பிள்ளைகள்தானே!

அதனால் கேட்கவேண்டிய கேள்வியை நாம் கேட்டுவிட வேண்டும். வனத்துறை அனுமதிச் சீட்டு எங்கே? எந்த வழிக்கு? வழிகாட்டி அந்த ஊர்க்காரரா? இதற்கு முகம் சுளிக்கிறவரோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். இப்போது தமிழக வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களைத் திறந்திருக்கிறது. சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் இளைஞர்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். காட்டுத்தீ காலத்தில் மூடியும் விடுகிறார்கள். "லீவு இருக்கே, இப்பவே போயிட்டு வந்திடறோம்" என்றால் அசைந்து கொடுக்கக் கூடாது.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவே சமதரையில் நடந்து பழகிய கால் நமக்கு. மலை ஏற அது போதாது. பக்கத்திலேயே செஞ்சி இருக்கிறது. 1750-ல் நம் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கோட்டை. முதலில் ராஜகிரியில் காலையிலேயே ஏறி இறங்கிப் பார்க்கட்டும். இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்! (சாப்பாட்டுப் பையை மட்டும் குரங்குகளிடம் கோட்டை விடாதீர்கள்.) என் மகளை அப்படித்தான் அனுப்பினேன். புது ஷூ கடித்த கடியில், "நல்லவேளை, இங்கேயே தெரிஞ்சுதும்மா" என்று வந்தாள்.

பெண்களிடம் ஒரு கெட்ட வழக்கம். ஒதுங்க இடமிருக்காதே என்று தண்ணீரே குடிக்காமல் ஏறுவது. வெயிலில் மயக்கம், பிறகு நீர்க்கடுப்பு, எல்லாம் இதனால்தான். ஆளுக்கு இரண்டு, மூன்று லிட்டராவது வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி, கரைத்துக் கொடுத்தனுப்புங்கள். கடலைமிட்டாய் இருந்தால் பாதி தைரியம்! மாதவிலக்கு நாளானால் நாப்கினைக் காட்டில் போடாமல், கவரில் மடித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

உடை விஷயத்தில் அழகு பார்க்காதீர்கள். நைலான், பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டியான பருத்தியில் முழுக்கை, முழுக்கால் நல்லது. இரவுக் குளிருக்கு ஸ்வெட்டர் தனி. கூடாரம் போட்டால் "கேம்ப் ஃபயர்" என்று நெருப்பு மூட்டும் ஆசையே வேண்டாம். தீ மேட்டில் வேகமாக ஏறும், மனிதரால் முந்த முடியாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மேலே போனால் செல்போன் பல இடங்களில் எடுக்காது. போகும் வழி, கூட்டிப் போகிறவர் பெயர், நம்பர், அந்தப் பகுதி வனத்துறை அலுவலக நம்பர், கீழே இறங்கும் நேரம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் ஆனால், "வந்துடுவா" என்று உட்கார்ந்திருக்காமல் அந்த நம்பருக்குப் போன் போடுங்கள்.

— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.