பாதி விலைன்னு ஆர்டர் போட்டா... கஸ்டம்ஸ் வரியோட எவ்வளவு ஆகும்? வெளிநாட்டு ஆன்லைன் பர்ச்சேஸில் மிச்சம் பிடிப்பது எப்படி?

மதுரை விளாங்குடி, ஃபாத்திமா கல்லூரி பக்கம் வீடு. கல்லூரி மாணவர் ஒருவருக்குப் பழைய கேமராவுக்கு ஒரு லென்ஸ் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். டவுன் ஹால் ரோடு கடையில் விலை 5,800 ரூபாய். அதே லென்ஸ் வெளிநாட்டு இணையதளத்தில் 3,000 ரூபாய். "கிட்டத்தட்ட பாதி விலை" என்று செல்போனில் ஆர்டர் போட்டாச்சு.

பத்து, பதினைந்து நாளில் கூரியர் நிறுவனத்தில் இருந்து மெசேஜ் வருகிறது: 'உங்கள் பார்சலுக்குச் சுங்க வரி செலுத்த வேண்டும்'. இது உண்மையா, மோசடியா என்று முதல் குழப்பம். உண்மைதான் என்று தெரிந்தால், எதற்கு இவ்வளவு என்று அடுத்த குழப்பம். பணத்தைக் கட்டி பார்சலைக் கையில் வாங்கும்போது, உள்ளூர் கடையிலேயே வாங்கியிருக்கலாமோ என்று தோன்றுகிறது.

இந்தக் கணக்கு எப்படி வருகிறது? சட்டப்படி எங்கே மிச்சம் பிடிக்கலாம்? எதைச் செய்தால் சிக்கல்?

எந்தெந்த வரி? எதன் மேல்?

வெளிநாட்டில் இருந்து தபாலிலோ கூரியரிலோ தனிநபர் உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு முக்கியமாக இரண்டு வரிகள் உண்டு. ஒன்று அடிப்படை சுங்க வரி. இன்னொன்று ஐஜிஎஸ்டி. பல பொருட்களுக்கு, அடிப்படை சுங்க வரித் தொகையில் 10% சமூக நலக் கூடுதல் வரியும் சேரும்.

தனிநபர் உபயோகப் பொருட்களுக்கு அடிப்படை சுங்க வரி முன்பு 35% ஆக இருந்தது. 2025-26 பட்ஜெட்டில் அது 20% ஆனது. 2026-27 பட்ஜெட்டில் 10% ஆகக் குறைக்கப்படுவதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். இதே பிரிவுக்கு 28% ஆக இருந்த ஐஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் 18% ஆனது.

பழைய விகிதங்களில் (35% சுங்க வரி, அதன் மேல் 10% கூடுதல் வரி, 28% ஐஜிஎஸ்டி) மொத்த வரி 77.28% வரும். அதனால்தான் "ஃபாரின் பார்சல்னா முக்கால்வாசி வரியே போயிடும்" என்று பலரும் இன்னும் சொல்கிறார்கள். இப்போது நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. அதே சமயம், வரியே இல்லாமலும் வராது.

ஷிப்பிங் கட்டணத்துக்கும் வரியா?

ஆமாம். பலர் தவறவிடும் இடம் இதுதான். சுங்கத்துறை பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. பொருள் விலை, போக்குவரத்துக் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி வரும் தொகைக்குத்தான் வரி.

ஆனால் இதில் வாங்குபவருக்குச் சாதகமான விதியும் இருக்கிறது. விமானத்தில் வரும் பொருளாக இருந்தால், வரிக் கணக்கில் சேர்க்கப்படும் போக்குவரத்துக் கட்டணம் பொருள் விலையில் 20%-ஐத் தாண்டக் கூடாது. 2007-ம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகளில் இது இருக்கிறது.

லென்ஸ் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பொருள் விலை 3,000 ரூபாய். விமான ஷிப்பிங் 1,500 ரூபாய். கணக்கு எளிதாக இருக்க, இன்சூரன்ஸையும் கூடுதல் வரியையும் விட்டுவிடலாம்.

- வரிக்கான மதிப்பு: 3,000 + 600 (ஷிப்பிங்கில் 20% வரம்பு) = 3,600 ரூபாய்
- அடிப்படை சுங்க வரி 10%: 360 ரூபாய்
- ஐஜிஎஸ்டி 18% (3,600 + 360 = 3,960-க்கு): 713 ரூபாய்
- மொத்த வரி: 1,073 ரூபாய்

முழு ஷிப்பிங் 1,500 ரூபாயையும் சேர்த்து வரி போட்டிருந்தால் 1,341 ரூபாய் வந்திருக்கும். அந்த 20% விதியால் மட்டும் 268 ரூபாய் மிச்சம். அதனால் வரி ரசீது கைக்கு வந்ததும், போக்குவரத்து என்ற இடத்தில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. கூடுதலாக இருந்தால் கூரியர் நிறுவனத்திடம் கேட்கலாம்.

செலவு இதோடு முடியவில்லை. வெளிநாட்டுக் கரன்சியில் கார்டு தேய்த்தால், பல வங்கிகள் 2% முதல் 3.5% வரை மார்க்-அப் கட்டணம் எடுக்கும். அதற்கு 18% ஜிஎஸ்டி தனி. 4,500 ரூபாய்க்கு 3% என்றால் ஜிஎஸ்டியோடு சுமார் 159 ரூபாய். கூரியரின் கையாளும் கட்டணம் 200 ரூபாய் என்று வைத்தால், கடைசிக் கணக்கு இப்படி வரும்:

3,000 + 1,500 + 1,073 + 159 + 200 = 5,932 ரூபாய்.

டவுன் ஹால் ரோடு கடை விலை 5,800. அங்கே கையில் வாங்கி, மாட்டிப் பார்த்து, ரிப்பேர் என்றால் திரும்பப் போய் நிற்கவும் முடியும்.

"கிஃப்ட்"னு எழுதிட்டா வரி இல்லையாமே?

பழைய கதை. ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருட்களுக்கு வரி விலக்கு இருந்தது. சில வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் சாதாரண ஆர்டர்களையும் 'பரிசு' என்று குறித்து அனுப்புவதாகப் புகார்கள் எழுந்தன. 2019 டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தபால், கூரியர் வழியாகப் 'பரிசு' என்ற பெயரில் விலக்குக் கேட்டுப் பொருள் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. உயிர் காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டும் விதிவிலக்கு. முழு வரியையும் கட்டி பரிசைப் பெற்றுக்கொள்வதற்குத் தடை இல்லை.

அதாவது சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா பாசத்தோடு அனுப்பினாலும், பார்சலுக்கு வரி உண்டு.

விலையைக் குறைச்சுப் போடச் சொன்னா?

"இன்வாய்ஸ்ல பத்து டாலர்னு போட்டு அனுப்பட்டுமா?" என்று சில விற்பனையாளர்களே கேட்பார்கள். ஒப்புக்கொண்டால் ஆபத்து வாங்குபவருக்குத்தான். அறிவிக்கப்பட்ட விலையில் சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரி அதை நிராகரித்து, தாமே மதிப்பை நிர்ணயிக்கலாம். தவறான தகவல் என்று முடிவானால் பொருளைப் பறிமுதல் செய்யவும், அபராதம் விதிக்கவும் சுங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பார்சல் வழியில் தொலைந்தால் நஷ்டஈடும் அந்தப் பத்து டாலரை வைத்துத்தான் பேசப்படும்.

சரி, எங்கேதான் மிச்சம் பிடிக்கலாம்?

1. பிரித்து ஆர்டர் போடாமல் சேர்த்துப் போடுங்கள். மூன்று பொருள் தேவை, ஒவ்வொன்றும் 3,000 ரூபாய். தனித்தனியாக வாங்கினால் ஷிப்பிங் 4,500 ரூபாய். ஒரே பார்சலாக 1,800 ரூபாயில் வருகிறது என்றால், ஷிப்பிங்கில் மட்டும் 2,700 ரூபாய் மிச்சம். கையாளும் கட்டணமும் ஒரு தடவைதான். வேடிக்கை என்னவென்றால், 20% வரம்பு காரணமாக இரண்டு வழியிலும் வரி ஒன்றுதான், 3,218 ரூபாய். லாபம் முழுக்க ஷிப்பிங்கில்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரே பொருளை ஐந்து, பத்து என்று வரவழைத்தால் அது விற்பனைக்கு என்று அதிகாரிகள் நினைக்கலாம். விற்பனைக்கு இறக்குமதி செய்ய ஐஇசி எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதி குறியீட்டு எண் வேண்டும். ஸ்டுடியோ, ஒர்க்‌ஷாப் போன்ற தொழிலுக்கு வாங்குபவர்கள் ஐஇசி, ஜிஎஸ்டி எண்ணோடு முறைப்படி இறக்குமதி செய்தால், கட்டிய ஐஜிஎஸ்டியை விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம்.

2. வரி சேர்த்த விலையா என்று பாருங்கள். 'டிடிபி' என்றால் வரியையும் விற்பவரே கட்டி அனுப்புவார். சில பெரிய தளங்கள் ஆர்டர் போடும்போதே இறக்குமதி வரிக்கு ஒரு தொகையை முன்வைப்பாக வாங்கிக்கொள்கின்றன. உண்மையான வரி குறைவாக வந்தால் மீதியைத் திருப்பித் தருகின்றன. விலை கொஞ்சம் கூடத் தெரிந்தாலும், வாசலில் வந்து அதிர்ச்சி தராது.

3. தபாலா, கூரியரா? எக்ஸ்பிரஸ் கூரியர் வேகம். ஆனால் ஷிப்பிங்கும் கையாளும் கட்டணமும் அதிகம். தபாலில் வரும் பார்சல் சென்னை போன்ற நகரங்களில் உள்ள வெளிநாட்டு அஞ்சலகங்களில் சுங்கச் சோதனை முடிந்து வரும். வரி இருந்தால் டெலிவரியின்போது கட்டினால் போதும். அவசரம் இல்லாத, விலை குறைந்த பொருளுக்குத் தபால் வசதி. விலை உயர்ந்த பொருளுக்கு, எங்கே இருக்கிறது என்று தினமும் பார்க்கக்கூடிய கூரியர் நல்லது.

4. கார்டைக் கவனியுங்கள். மார்க்-அப் கட்டணம் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. பணம் கட்டும் பக்கத்தில் "ரூபாயில் செலுத்தவா?" என்று கேட்டால் உடனே சரி சொல்ல வேண்டாம். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

5. உறவினர் வருகிறாரா? 2026 பிப்ரவரியில் அமலான புதிய பயண உடைமை விதிகளின்படி, விமானத்தில் வரும் இந்தியர்கள் 75,000 ரூபாய் வரையிலான பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம். முன்பு இது 50,000 ரூபாய். 18 வயது நிரம்பியவர் ஒரு லேப்டாப்பும் கூடுதலாகக் கொண்டுவரலாம். இது அவரவர் பயண உடைமைக்கான சலுகை. இரண்டு பேரின் வரம்பைக் கூட்டி ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது.

வரி கட்டினாலும் வராத பொருட்கள்

மிச்சம் பார்த்து வாங்கி, மொத்தமும் போவது இங்கேதான். ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. இ-சிகரெட்டுக்கு 2019 முதல் முழுத் தடை. பொம்மைகளுக்கு பிஐஎஸ் தரச்சான்று கட்டாயம். வாக்கி-டாக்கி போன்ற ரேடியோ கருவிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். லேப்டாப்புக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தாலும், தனிநபர் ஆன்லைனில் ஒன்று வாங்க உரிமம் தேவையில்லை, வரி மட்டும் உண்டு.

பழுதான பொருள் வந்தால்? சுங்க அனுமதி கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்பினால், கட்டிய சுங்க வரியைத் திரும்பக் கேட்கச் சுங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் 1,073 ரூபாய் வரிக்காக 1,500 ரூபாய் செலவழித்து யார் திருப்பி அனுப்புவார்கள்? சின்னப் பொருளை வெளிநாட்டில் வாங்கும்போது, ரிட்டர்ன் இல்லை என்று நினைத்தே முடிவெடுப்பது பாதுகாப்பு.

போகிற பார்சலுக்கும் இதே கதைதான்

சின்னப் பார்சல்களை வரியில்லாமல் விட்ட நாடுகளும் இப்போது கதவைச் சாத்துகின்றன. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் முடிவுக்கு வந்தது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்ற குழப்பத்தில், இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பெரும்பாலான தபால்களையும், சில நாளில் மீதியையும் நிறுத்தியது. அக்டோபர் 15-ல்தான் சேவை மீண்டும் தொடங்கியது. தீபாவளிக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு முறுக்கும் சுங்குடிச் சேலையும் அனுப்ப நினைத்த மதுரைப் பெற்றோருக்கும் அது சிக்கலான நேரம்தான். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், அன்றைய வரி நிலவரத்தைத் தபால் நிலையத்தில் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுவது நல்லது.

"கஸ்டம்ஸ்ல இருந்து பேசுறோம்..."

பார்சலுக்குக் காத்திருப்பவரைத்தான் மோசடிக்காரர்கள் எளிதில் பிடிக்கிறார்கள். 'உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் மாட்டியிருக்கிறது, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள்' என்று மெசேஜ் வரும். இன்னும் துணிந்தவர்கள், பார்சலில் போதைப்பொருள் இருப்பதாக வீடியோ காலில் மிரட்டுவார்கள்.

- சுங்கத்துறை தனிநபரின் வங்கிக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ வரி கட்டச் சொல்லாது.
- சுங்கத்துறையின் அதிகாரப்பூர்வ கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்கும். மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.
- மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாமல், கூரியரின் இணையதளத்தை நேரடியாகத் திறந்து பார்சல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கேஒய்சிக்கு ஆதார், பான் கேட்டால் அங்கேயே பதிவேற்றுங்கள். ஓடிபி, கார்டு பின் நம்பரை யாருக்கும் சொல்ல வேண்டாம்.
- பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஆர்டர் போடும் முன் ஒரு நிமிடக் கணக்கு

பொருள் விலை, ஷிப்பிங், வரி, கார்டு கட்டணம், கையாளும் கட்டணம். ஐந்தையும் கூட்டிய பிறகு, உள்ளூர் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்தான் என்றால், காத்திருப்பும் ரிட்டர்ன் தலைவலியும் அதற்கு ஈடாகுமா என்று யோசிக்க வேண்டும். இங்கே கிடைக்கவே கிடைக்காத பொருள், அல்லது வரி கட்டிய பிறகும் ஆயிரக்கணக்கில் மிச்சமாகும் பொருள் என்றால் தாராளமாக ஆர்டர் போடலாம்.

விளாங்குடி மாணவரின் லென்ஸ் கணக்கில், பாதி விலை என்று தெரிந்தது கடைசியில் 132 ரூபாய் கூடுதல் ஆனது. கேமராவுக்கான வேறு இரண்டு பொருளும் தேவைப்பட்டு, மூன்றையும் ஒரே பார்சலில் வரவழைத்திருந்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4,870 ரூபாய்க்கு முடிந்திருக்கும்.

(வரி விகிதங்கள் பொருளைப் பொறுத்தும் அரசின் அறிவிப்பைப் பொறுத்தும் மாறும். விலை உயர்ந்த பொருள் வாங்கும் முன் அன்றைய விகிதத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.)