நிறுத்துவதற்கு முன் கேளுங்கள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கால்வலி ஒரு செய்தியே அல்ல. சரிவான மேட்டில் நாள் முழுதும் நின்று கொழுந்து பறித்தவர்களுக்கும், மூட்டை சுமந்தவர்களுக்கும் வலி பழகிப்போன ஒன்று. அதே பெரியவர்களில் பலர் இப்போது கொலஸ்ட்ராலைக் குறைக்க ‘ஸ்டேட்டின்’ வகை மாத்திரை சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரையின் பக்க விளைவுகளில் அதிகம் பேசப்படுவதும் தசைவலிதான். அப்படியானால் தாத்தாவின் கால்வலிக்குக் காரணம் மேடா, வயதா, மாத்திரையா?

நம் வீடுகளில் இதற்கு இரண்டு விதமாக முடிவெடுக்கிறோம். சிலர் புலனத்தில் வந்த ஏதோ ஒரு செய்தியைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர், “டாக்டர் கொடுத்தது, நாம் என்ன கேட்பது?” என்று வலியோடு விழுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இதில் மாணவர்களாகிய உங்களால் ஆக வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கொலஸ்ட்ரால் முழுவதும் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. பெரும்பகுதியை நம் உடலே தயாரிக்கிறது. அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. அந்தத் தயாரிப்புக்கு எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி தேவை. படிவம் 4 உயிரியலில் நொதியைப் பூட்டு என்றும் வினைப்பொருளைச் சாவி என்றும் படிப்பீர்கள். ஸ்டேட்டின் போலிச் சாவிபோல அந்தப் பூட்டை அடைத்துக்கொள்கிறது. தயாரிப்பு குறைந்ததும், கல்லீரல் இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் இவ்வகைப் பொருளை முதன்முதலில் கண்டார். 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகள் பங்கேற்றனர். ஸ்டேட்டின் சாப்பிட்டவர்களிடையே இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. ஆகவே, காரணமில்லாமல் இதை நிறுத்துவது சிறிய விஷயமன்று.

பக்க விளைவுகளும் உண்மைதான். தசைவலி வரலாம், இரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடலாம், கல்லீரல் நொதிகளின் அளவு மாறலாம். மிக அரிதாகத் தசைநார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியாகும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தாங்க முடியாத தசைவலி, திடீர் பலவீனம், பால் கலக்காத தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை தெரிந்தால் அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாதாரண வலியை எப்படிப் பிரித்தறிவது? இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஒரு சோதனை சுவையானது. பக்க விளைவு என்று சொல்லி ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்கு ஓராண்டுக்கான 12 புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டேட்டின், நான்கில் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு காலிப் புட்டிகள். மாத்திரை உள்ள மாதங்களில் எது அசல், எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தம் உபாதைக்கு 100க்கு எத்தனை என்று புள்ளி போட்டார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டேட்டின் மாதங்களில் 16.3, போலி மாத்திரை மாதங்களிலோ 15.4! வலி பொய்யன்று, அவர்கள் அனுபவித்தது உண்மையான வலி. ஆனால் அதில் பெரும்பங்கு மருந்திலிருந்து வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வந்தது. இதை ‘நொசிபோ’ விளைவு என்பார்கள். முடிவைத் தெரிந்துகொண்டபின் அவர்களில் பாதிப்பேர் மீண்டும் ஸ்டேட்டினைத் தொடங்கினார்கள்.

அதற்காக, “எல்லாம் மனப்பிரமை” என்று பெரியவர்களின் வாயை அடைத்துவிடாதீர்கள். செரிவாஸ்டேட்டின் என்ற மருந்தை பேயர் நிறுவனம் 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. தசைச் சிதைவால் 52 பேர் இறந்ததாக அப்போது அறிக்கைகள் வந்திருந்தன. ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து மிக அதிகமாக இருந்தது. நோயாளிகளுக்கு நேர்ந்தது பதிவானதால்தான் அந்த ஆபத்து வெளியே தெரிந்தது. சொல்லாத வலி எந்தக் கணக்கிலும் சேராது.

“இயற்கை மருந்துக்கு மாறிவிட்டால் கவலையில்லை” என்பாரும் உண்டு. சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மொனக்கோலின் கே என்பது லோவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினேதான். பெயர் மாறினால் பக்க விளைவு மாறாது. கிரேப்ஃபுரூட் பழம் சில ஸ்டேட்டின்களின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். அதற்குக் காரணமான இரசாயன வகை, ஈப்போ பக்கம் தம்புனில் விளையும் பொமேலோ போன்ற பழங்களிலும் உண்டு. விரும்பிச் சாப்பிடுபவர்கள் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் தோட்டங்களில் பல தாத்தா பாட்டிகளுக்கு மலாய் பேச வரும்; மருந்துப் பையில் அச்சடித்திருப்பதைப் படிக்க வராது. உங்களுக்கு வரும். மருந்தின் பெயர், அளவு, உடன் சாப்பிடும் மற்ற மாத்திரைகள், நாட்டு மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். வலி எந்தத் தேதியில் தொடங்கியது, இரு கால்களிலுமா, மேடு ஏறிய நாளில் மட்டுமா என்று குறித்து வையுங்கள். அறிவியல் கூடத்தில் செய்வது போலத்தான்: முதலில் கவனிப்பு, பிறகு முடிவு. ஆனால் முடிவைச் சொல்வது உங்கள் வேலையன்று, மருத்துவரின் வேலை.

அவரிடம் வழிகள் பல உள்ளன. இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்க்கலாம், அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றலாம், சில வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். பக்க விளைவு என்று சந்தேகம் இருந்தால், நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்குப் பயனீட்டாளரே ‘கான்செர்ஃப்’ படிவத்தில் தெரிவிக்கவும் வழியுண்டு.

அடுத்த முறை தாத்தாவோ பாட்டியோ தானா ராத்தாவுக்கோ ரிங்லட்டுக்கோ மருந்து எடுக்கக் கிளம்பும்போது, பள்ளி விடுமுறையாக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள். எழுதி வைத்த தாளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.