சலவைத்தூளும் ஒரு பாடநூல்

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தில் சேருகிறது. சென்னை அதைக் குடிக்கிறது. இந்தத் தொழிற்பகுதியில் ஆலைக்கழிவைப் பற்றிப் பேசாத நாளில்லை, பேசவும் வேண்டும். ஆனால், சலவைநீர்? வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஒரு குடியிருப்பில் மட்டும் 18,720 தொழிலாளர்கள் தங்கலாம். அதற்கு வெளியே, ஒரகடம் வரை வாடகை அறைகள் நிறைந்த தெருக்களில் தினமும் துவைக்கும் சீருடைகளின் நுரை எந்தக் கால்வாயில் இறங்குகிறது என்று கேட்பாரில்லை.

இதைக் கேட்கப் பள்ளிப் பிள்ளைகளால் முடியும். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஊசியைப் படுக்கவைத்து மிதக்கவிடுங்கள். ஒரு சொட்டு சலவைக்கரைசல் விழுந்ததும் ஊசி மூழ்கிவிடும். பரப்பு இழுவிசை குலைவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, நீர்ப்பரப்பில் நடக்கும் பூச்சியின் கதி தானாகவே புரியும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு திரிவதும் சலவைத்தூள் நுரைப்பதும் கடினநீர்ப் பாடம். பாஸ்பேட் கலந்த தூள் பாசியை வளர்க்கும். பாசி மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும்.

குடிநீரில் சலவைத்தூளின் நுரைக்கும் வேதிப்பொருள் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அமெரிக்காவில் குழாய்நீரே நுரைத்த பிறகு, எளிதில் சிதையும் மூலப்பொருளுக்கு 1965-இல் தொழில்துறை மாறியது.

சமூகப் பொறுப்பு நிதியை வைத்திருக்கும் நிறுவனங்கள் இங்கு ஏராளம். சுற்றுப்புற அரசுப் பள்ளிகளுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டிகளை அவை வாங்கித் தரட்டும். மாணவர்கள் எடுக்கும் அளவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் மாதந்தோறும் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.